மலையில் பெய்த மழையைக் கீழே சொல்லுங்கள்: கும்பக்கரைக்கு வண்டி கொண்டுவருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வேன் ஓட்டுநர்களுக்கும், கல்லூரி நண்பர்கள், அலுவலகத்தார், தெருக்காரர்கள் என்று கூட்டம் சேர்த்துச் சுற்றுலா ஏற்பாடு செய்பவர்களுக்கும்,

வணக்கம். நான் பெரியகுளத்துக்காரன். கும்பக்கரை அருவியில் என் தாத்தா குளித்தார், அப்பா குளித்தார், நான் குளிக்கிறேன், என் பிள்ளைகளும் குளிக்கிறார்கள். அருவியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் வனத்துறைக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுதுவதுதானே வழக்கம் என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கு எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவதைச் செய்யக்கூடியவர்கள் நீங்கள்தான் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். அருவியில் தலையைக் கொடுத்து நிற்பவனுக்குத் தெரியாத ஒரு செய்தி, வெளியே வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குப் பல நாட்களில் தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தியை நீங்கள் யாரிடமும் சொல்வதில்லை. யாரும் உங்களிடம் கேட்பதுமில்லை. இந்த மடல் முழுவதும் அதைப் பற்றித்தான்.

கும்பக்கரையை நீங்கள் விரும்புவதற்குக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. பெரியகுளத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர். மாந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் சாலை. வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது நடந்தால் தண்ணீர். மலையேற வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், பாட்டியைக்கூடக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பாறையில் உட்கார வைத்துவிடலாம். குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. சாய்ந்த பாறையில் தண்ணீர் வழிந்து இறங்குவதால், குற்றாலத்தைப்போல மேலிருந்து மண்டையில் இடிக்காது. முதுகைத் தட்டிக்கொடுப்பதுபோல் விழும். கோடைக் கூட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு எளிதாக எட்டிவிடுகிற இடம் என்பதாலேயே, இது ஒரு மலையாறு என்ற நினைவு நமக்கு வருவதில்லை.

கும்பக்கரையில் விழுவது பாம்பாற்று நீர். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கத்துச் சோலைகளில் பிறந்து இறங்கிவரும் ஆறு அது. மேலே அதே ஆற்றில் இருக்கும் அருவி ஒன்றில் 1970-களில் ஒரு சோப்பு விளம்பரம் எடுத்தார்கள். அன்றிலிருந்து அதை லிரில் அருவி என்றே அழைக்கிறார்கள். (மேலே சோப்பின் பெயர் ஒட்டிக்கொண்டது, கீழே நாம் சோப்பின் நுரையையும் உறையையும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி வேறொரு நாள் சண்டை போடலாம்.) கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெரியகுளம் 300 மீட்டர் அளவில் இருக்கிறது. இந்த உயர வேறுபாட்டை நீங்கள் டம்டம் பாறை, தேவதானப்பட்டி என்று மலையைச் சுற்றி இறங்கிக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீர் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி வருவதில்லை, நேராக இறங்குகிறது.

ஆகவே கும்பக்கரையில் வெள்ளம் வருவதற்குக் கும்பக்கரையில் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. கீழே சித்திரை வெயில் பாறையைச் சுட்டுக்கொண்டிருக்கும். மேலே செண்பகனூரிலும் வட்டக்கானலிலும் கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்கும். மழையின் அறிகுறி குளிப்பவர் கண்ணுக்கு எட்டவே எட்டாது, ஏனென்றால் அருவிக்கு அடியில் நின்று அண்ணாந்தால் தெரிவது பாறையும் மரக்கிளையும் ஒரு துண்டு நீல வானமும்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அருவி இருப்பது தேனி மாவட்டம். அதற்கு நீர் தரும் கொடைக்கானல் இருப்பது திண்டுக்கல் மாவட்டம். வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான மழை அறிவிப்பை மாவட்ட வாரியாக வெளியிடும்போது, தேனியின் பெயர் பட்டியலில் இல்லை என்று நிம்மதியாகப் புறப்பட்டு வருபவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பார்த்திருக்க வேண்டியது திண்டுக்கல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். அருவியில் கால் வைக்க இடமில்லை. நான் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, வாசலருகே மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்றைத் தின்றுகொண்டிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேனின் ஓட்டுநர், ஐம்பது வயதுக்காரர், போனைக் காதில் வைத்தபடி வேகமாக வந்தார். வாசலில் நின்ற வனக்காவலரிடம், "சார், மேல செண்பகனூர்ல ஊத்துதாம். நம்ம பய இப்பத்தான் பேசுனான். வைப்பர் போட்டும் ரோடு தெரியலையாம்" என்றார். காவலர் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் மறு பேச்சுப் பேசவில்லை. விசிலை ஊதிக்கொண்டே உள்ளே ஓடினார்.

அடுத்த கால் மணி நேரம் அங்கே நடந்ததை நீங்கள் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். தலையில் சீயக்காய் நுரையோடு ஒரு பெரியவர் "நுரையை அலசிட்டு வர்றேன்யா" என்று கெஞ்சினார். ஒரு கல்லூரிக் கூட்டம், டிக்கெட் எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்று சண்டைக்கு வந்தது. யாரோ காவலரை ஒருமையில் திட்டினார்கள். எப்படியோ எல்லோரும் கரையேறினார்கள். அதற்குப் பிறகும் வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. பிறகு தண்ணீரில் காய்ந்த இலைகள் வந்தன. குச்சிகள் வந்தன. கண்ணாடிபோல் இருந்த நீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறியது. சத்தம் மாறியது என்பதுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. சலசலப்பாக இருந்தது, லாரி பின்னோக்கி வருவதுபோல் ஓர் அடிவயிற்று உறுமலாக ஆனது. சற்று முன்பு குழந்தைகள் உட்கார்ந்திருந்த பாறையும், அவர்கள் பிடித்து நின்ற கம்பியும் சில நிமிடங்களில் கண்ணில் இல்லை. சண்டைக்கு வந்த பையன்களில் ஒருவன் அந்த ஓட்டுநரைத் தேடிப் போனான். என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று அத்தனை பேரையும் கரையேற்றியது அந்த ஒரு போன் அழைப்பு. அந்த அழைப்பு தற்செயலாக வந்தது. தற்செயலாக வந்ததை வழக்கமாக ஆக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. உங்களில் பெரும்பாலானோருக்குக் கொடைக்கானலில் ஏரிப் பக்கமோ ஏழு ரோடு பக்கமோ வண்டி ஓட்டும் நண்பர் ஒருவராவது இருப்பார். கும்பக்கரை வாசலில் ஆட்களை இறக்கிவிடும் முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள். "மேல எப்படி இருக்கு?" என்ற ஒரே கேள்வி போதும். மழை என்று சொன்னால், வாசலில் நிற்கும் வனப் பணியாளரிடம் அந்தச் செய்தியை ஒப்படையுங்கள். அவர்கள் நாள் முழுவதும் அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். உங்கள் ஒரு வாக்கியத்தின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். குளியல் நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் வண்டியில் கண்ணயர்வது நியாயமான ஓய்வுதான். ஆனால் போனை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

மலையிலிருந்து நீங்களே இறங்கிவரும் நாட்களில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி, எதிர்மலையில் வெள்ளை நூலாகத் தொங்கும் எலிவால் அருவியைப் பயணிகளுக்குக் காட்டுகிறீர்கள். அது தலையாற்று அருவி. அதன் நீர் மஞ்சளாற்று அணைப் பக்கம் போவது, கும்பக்கரைக்கு வருவதல்ல. ஆனால் மலைத்தொடர் ஒன்றுதான். எலிவால் தடித்து மாட்டுவாலாகத் தெரிகிற நாளில், நீங்கள் அடுத்துப் போகவிருக்கும் அருவி என்ன நிலையில் இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தால் என்ன? பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாக இறங்குபவர்களுக்கோ யோசிக்கவே வேண்டாம். மழை நாட்களில் மண் சரிந்து அடிக்கடி அடைபடும் அந்தச் சாலை, கும்பக்கரைப் பக்கமாகத்தான் வந்து இறங்குகிறது. வழியில் சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் ஓடைகள் கலங்கி ஓடினால், அருவிக்கு என்ன வரப்போகிறது என்பதை உங்கள் சக்கரமே உங்களுக்குச் சொல்லிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது கோரிக்கை உங்கள் பயணத் திட்டத்தைப் பற்றியது. ஏற்பாட்டாளர்கள் அச்சடித்துக் கொடுக்கும் காகிதத்தில் நான் பெரும்பாலும் காண்பது ஒரே வரிசைதான்: காலையில் கொடைக்கானல், தூண் பாறை, ஏரியில் படகு, மதியச் சாப்பாடு, இறங்கும் வழியில் வெள்ளி அருவி, "கடைசியாகக் கும்பக்கரையில் ஆனந்தக் குளியல்". உடம்பெல்லாம் அலுத்துப்போன பிறகு குளித்துவிட்டு ஊருக்குப் போனால் வண்டியில் நன்றாகத் தூங்கலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான், காலம்தான் தவறு. கோடையில் மலைமேல் மேகம் கூடுவது பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகு. வெயிலில் சூடான காற்று மலைச்சரிவில் ஏறி, குளிர்ந்து, பிற்பகலில் இடியோடு கொட்டுகிறது. அதாவது உங்கள் திட்டப்படி ஐம்பது பேர் அருவியில் இறங்கும் நேரமும், மேலே வானம் திறந்துகொள்ளும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். காலையில் அருவி திறந்தவுடன் குளியல். அதன் பிறகு மலை. காலைத் தண்ணீர் சற்றுக் குளிரும், முதல் ஐந்து நிமிடம் பல்லும் பல்லும் தட்டும், அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஏன் காலையிலேயே வருகிறார்கள் என்பது உங்கள் பயணிகளுக்குப் புரியும். கூட்டமும் பாதிதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் காலைக் கணக்கு உதவாது. அந்த மாதங்களில் மேலே எந்த நேரத்திலும் பெய்யும், போன் ஒன்றே வழி.

அடுத்தது அருவிக்கு மேலே உள்ள கஜங்கள், அதாவது ஆறு பாறையில் குடைந்த ஆழமான நீர்க்குழிகள். உங்கள் வண்டியில் வரும் இளைஞர்கள் இணையத்தில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பச்சை நிறத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீர், சுற்றிலும் வழவழப்பான பாறை, குதிப்பதற்கென்றே செய்துவைத்த தொட்டிபோல் ஒரு வடிவம். யானைக்கஜம், பாம்புக்கஜம் என்று எங்கள் ஊரில் அவற்றுக்கு விலங்குகளின் பெயர். கஜம் என்றால் யானை என்று வடமொழி தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் யானைக்கஜத்துக்கு அது பொருந்தவில்லை, பாம்புக்கஜத்துக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை. ஆற்றில் ஆழமான மடுவைத் தென்மாவட்டங்களில் கசம் என்பார்களே, அந்தச் சொல்தான் வாயில் தேய்ந்து இப்படி ஆகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும், பெயர் வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைத்ததாகத் தோன்றவில்லை.

இந்தக் குழிகள் எப்படி உண்டாகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் அவற்றின் குணம் விளங்கும். வெள்ளக் காலத்தில் ஆறு உருட்டிவரும் கூழாங்கற்கள் பாறையின் சிறு பள்ளத்தில் சிக்கிச் சுழல்கின்றன. உரலில் குழவி சுற்றுவதுபோல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுற்றிச் சுற்றி, பாறையைக் குடைந்து உள்ளே போகின்றன. ஆகவே கஜத்தின் சுவர் உரலின் உட்புறத்தைப்போல் வழுக்கும், பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது, பாசியும் சேர்ந்துகொள்ளும். சிலவற்றில் வாய் குறுகி வயிறு அகன்றிருக்கும். குதிப்பவனுக்கு உள்ளே போவது ஒரு நொடி. வெளியே வருவதற்கு ஏறுவழி இல்லை. மேற்பரப்பு அசையாமல் இருந்தாலும் அடியில் நீரோட்டம் சுழன்றுகொண்டிருக்கலாம். அருவி நீர் நேரடியாக விழும் குழியென்றால் அதில் நுரை மிகுந்திருக்கும். நுரை என்பது பாதி காற்று, அது ஆளைத் தாங்காது. கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர்கள், "எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கிணற்றில் அவர்கள் கற்றது நிற்கும் தண்ணீரில் நீந்துவதற்கு. நானும் அப்படிச் சொன்னவன்தான். பதினேழு வயதில், தடுத்தவர்களின் பேச்சைக் கேட்காமல் மேலே ஏறி, கஜத்தின் விளிம்பை அடைவதற்கு முன்பே பாசியில் வழுக்கி, முழங்கால் சிப்பி தெரியும் அளவுக்குக் கிழித்துக்கொண்டு திரும்பினேன். தழும்பு இன்றும் இருக்கிறது. விளிம்பைத் தாண்டி வழுக்கியிருந்தால் தழும்பு இருந்திருக்காது, நானும் இருந்திருக்க மாட்டேன்.

மேலே போகக் கூடாது என்று வனத்துறை தடுத்துத்தான் வைத்திருக்கிறது. பலகையைப் படிக்காத பையன், வண்டியை விட்டு இறங்கும் முன் நீங்கள் சொன்னால் கேட்பான். கதவைத் திறப்பதற்கு முன்பு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கஜம் பக்கம் போகாதீர்கள், தண்ணீரில் இலையும் குச்சியும் வந்தால் யாரும் சொல்லாமலே கரையேறுங்கள், விசில் கேட்டால் வாதாடாதீர்கள், இத்தனை மணிக்கு வண்டி புறப்படும். விமானத்தில் பணிப்பெண் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் நம் மக்கள், வேன் ஓட்டுநர் சொன்னால் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். காதில் விழுந்தால் சரி. குடித்துவிட்டு இறங்க முயல்பவர்களை மட்டும் வண்டியை விட்டே இறக்காதீர்கள். அதற்கு ஓட்டுநர் ஒருவரால் முடியாது. அது பணம் வசூலித்து, இருக்கை எண் கொடுத்து அழைத்துவந்த ஏற்பாட்டாளரின் வேலை.

விசிலைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். விசில் ஊதி எல்லோரையும் ஏற்றிவிட்டு, பத்தில் ஏழு முறை வெள்ளம் வராமல் போனால், எட்டாவது முறை மக்கள் நகர மறுப்பார்கள். இது மனித இயல்பு. இங்கேதான் வண்டிக்காரர் சொல் எடுபடுகிறது. சீருடை அணிந்தவர் அதட்டினால் முரண்டு பிடிக்கும் கூட்டம், "வண்டி கிளம்புது, வர்றவங்க வாங்க" என்று நீங்கள் ஹார்ன் அடித்தால் வந்துவிடுகிறது. விசில் கேட்ட மறு நிமிடம் நீங்களும் ஹார்ன் அடியுங்கள்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோடை விடுமுறைக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் இறங்கியது; மக்கள் படிகளில் அலறி ஓடிய காட்சி அன்று மாலையே எல்லோருடைய கைப்பேசியிலும் வந்தது. 17 வயது மாணவன் ஒருவன் போய்விட்டான். குற்றாலமும் கும்பக்கரையும் வேறு வேறு ஆறுகள், வேறு வேறு மலைப்பகுதிகள். ஆனால் வந்த விதம் ஒன்றுதான்: கீழே குளிக்கிறவர்களுக்கு மேலே பெய்வது தெரியவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. வெள்ளத்தினாலோ யானை நடமாட்டத்தினாலோ அருவியை மூடிவிட்டால், "குளியல்" என்று சொல்லிக் காசு வாங்கிய நாங்கள் பயணிகளுக்கு என்ன பதில் சொல்வது? முதலில், காகிதத்தில் அச்சடிக்கும்போதே "தண்ணீரின் நிலையைப் பொறுத்து" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி குறையும். பிறகு, எங்கள் ஊர் அவ்வளவு வறண்ட ஊர் அல்ல. வராக நதிக் கரையில் பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் வைகை அணைப் பூங்காவுக்குத் திருப்பிவிடலாம். மாம்பழக் காலமென்றால் எங்கும் போக வேண்டாம், சாலையோரத் தோப்புக் கடையில் அரை மணி நேரம் நிறுத்தினால் போதும். அருவியை மறந்துவிட்டுப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தக் கடைக்காரர்கள் உங்களுக்குத் தரும் கமிஷனைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தேவதானப்பட்டியைத் தாண்டிப் பெரியகுளத்தை நெருங்கும்போது, வலப்பக்கம் மலை முழு உருவத்தில் நிற்கும். அருவிக்குள் போய்விட்டால் இந்தக் காட்சி யாருக்கும் கிடைக்காது. ஓரமாக வண்டியை நிறுத்திப் பாருங்கள். முகடு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தாலும் போனைப் போட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாருங்கள். முகட்டை மேகம் மூடியிருந்தால், அந்தப் பதில் வரும் வரை டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பெரியகுளத்துக்காரன் ஒருவன்